குதிரைக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு

நின்றுபோன தறி தீனி கேட்பதில்லை. நூல் வராமல் பத்து நாள் தறி ஓய்ந்திருந்தால் நெசவாளிக்குக் கூலி நஷ்டம் உண்டு. தறிக்குப் பசி இல்லை. மிளகுக் கொடி ஒரு பருவம் சரியாகக் காய்க்காமற் போனாலும் மண்ணிலிருந்தே தன் உணவைத் தேடிக்கொள்கிறது. குதிரையின் சங்கதி வேறு. அது சம்பாதிக்கும் நாளிலும் தின்னும்; சம்பாதிக்காத நாளிலும் தின்னும். இந்த எளிய உண்மையைக் கணக்கில் எழுதாமல் குதிரை வாங்குவதே, நம் மலைவாசஸ்தலங்களில் அப்பிராணி படும் துன்பங்களிற் பெரும்பாலானவற்றிற்கு வேர் என்பது என் அபிப்பிராயம்.

குதிரையை அடித்துத் துன்புறுத்தும் கொடியவர் சிலர் இருக்கலாம். நான் தணிக்கை நிமித்தம் சேர்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் சுற்றி வருகையில் கண்டவரை, குதிரைக்காரர் பெரும்பாலோர் தம் குதிரையிடம் பிரியம் உள்ளவர்களே. பெயரிட்டு அழைப்பார்கள், பொங்கலுக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார்கள். ஆயினும் மழைக்காலம் வந்து வருமானம் நின்றதும், அதே குதிரை எலும்பு தெரிய நிற்கிறது. ஆகவே, குதிரை வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அக்குதிரையின் பெயரால் ஒரு சேமிப்புக் கணக்கு வைக்கவேண்டும், அதைச் சங்கமே முன்னின்று நடத்த வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுதலானேன்.

மலையும் குதிரையும்

குதிரை இம்மலைக்குப் புதிதன்று. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகம் செய்தார். அக்காலத்தில் மேலே வர மோட்டார் வண்டி ஏது? குதிரை முதுகிலும் டோலியிலும் ஏறி வந்தார்கள். சாமான்கள் தலைச்சுமையாகவும் பொதியாகவும் வந்தன. இன்று சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு ஏர்க்காட்டிற்கு வந்துவிடுகிறது. ஆயினும் பொதி விலங்கின் தேவை அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2021 ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில், அண்டை மாவட்டமான தருமபுரியில் சாலை வசதியற்ற கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சுமந்து சென்றவை கழுதைகளே. குடியரசின் வாக்குப்பெட்டியையே நம்பி ஒப்படைத்த முதுகு அது.

மலைநகரங்களில் இப்போது குதிரைக்கு முக்கியமான வேலை பிரயாணிகளை ஏற்றிச் செல்வது. கோடைவிடுமுறையிலும் மே மாதக் கோடை விழாவிலும் ஏரிக்கரையும் கிளியூர் அருவிப் பாதையும் ஜனத்திரளால் நிரம்புகின்றன. குழந்தையைக் குதிரைமேல் ஏற்றிப் படம் பிடிக்க விரும்பாத பெற்றோர் குறைவு. அந்த இரண்டு மூன்று மாதங்களில் குதிரைக்காரருக்குக் கையில் காசு புழங்குகிறது. பிறகு மழை. வார இறுதி நாட்களில் வரும் சிலரைத் தவிர வழிமேல் விழி வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். வருமானத்திற்குப் பருவம் உண்டு. வயிற்றுக்குப் பருவம் இல்லை.

நாடு முழுவதிலுமே குதிரையினம் குறைந்து வருகிறது. 2019 இல் நடந்த 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 3 இலட்சத்து 40 ஆயிரம். 2012 ஐ நோக்க இது 45 சதவீதத்திற்கு மேற்பட்ட வீழ்ச்சி. கழுதைகளோ 61 சதவீதம் குறைந்து 1 இலட்சத்து 20 ஆயிரமாயின. எண்ணிக்கை குறையும்போது குதிரை மட்டும் குறைவதில்லை; லாடம் கட்டத் தெரிந்தவர், சேணம் தைக்கத் தெரிந்தவர், குதிரை நோய் பார்த்துப் பழகிய வைத்தியர் ஆகியோரும் குறைந்துபோகிறார்கள். எஞ்சியிருக்கும் குதிரைக்காரர் தனித்து விடப்படுகிறார். தனித்து விடப்பட்டவர்களுக்காகத் தோன்றியதுதானே கூட்டுறவு?

வாங்கும்போதே யோசிக்க வேண்டியவை

நம் பக்கத்தில் குதிரை வாங்குவோர் நாடுவது ஈரோடு மாவட்டத்து அந்தியூர்ச் சந்தை. ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் அச்சந்தை திப்பு சுல்தான் காலந்தொட்டு நடப்பதாகச் சொல்வார்கள். கத்தியவார், மார்வாரி முதலிய உயர்ந்த ஜாதிக் குதிரைகளும் நாட்டு மட்டங்களும் அங்கே வந்து நிற்கும். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணிப்பதும், சுழி பார்ப்பதும், துண்டு போர்த்திக் கைவிரல் பிடித்து விலை பேசுவதும் நம்மவர் நன்கு அறிந்த கலைகள். பல் பார்ப்பது நல்லதே. சுழி பார்ப்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். ஆனால் குளம்பைத் தூக்கிப் பார்ப்பவர் எத்தனை பேர்? கல் தரையில் நடத்தியும் ஓட்டியும் நொண்டுகிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? மூக்கில் சளி வடிகிறதா, தோலில் முடிச்சு முடிச்சாகப் புண் உண்டா என்று கவனிப்பவர் எத்தனை பேர்?

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அதைக் குதிரையிடம் கேட்க முடியாது. வாங்குகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நன்கு பேணப்பட்ட குதிரை 25 முதல் 30 ஆண்டு வரை உயிர்வாழும். பாரம் சுமக்கும் வலு அவ்வளவு காலமும் நிற்பதில்லை. கடைசி ஐந்தாறு ஆண்டுகள் அது நம் வீட்டில் உட்கார்ந்து உண்ணும் கிழவனைப் போன்றது. அந்த ஆண்டுகளுக்கும் தீனி போட எனக்குச் சக்தி உண்டா என்பதே அக்கேள்வி. உண்டு என்று சொல்ல முடியாதவர் குதிரை வாங்காமலிருப்பதே குதிரைக்கும் அவருக்கும் நல்லது.

தீனியும் தண்ணீரும்

ஒரு சாதாரணக் கணக்கைப் பார்ப்போம். 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஒன்றுக்கு, உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வீதம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ உலர்ந்த தீனி வேண்டும். ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல். அதிற் பெரும்பகுதி புல்லும் சோளத்தட்டும் போன்ற நார்த்தீனியாகவே இருக்கவேண்டும். பச்சைப் புல்லானால் அதில் நீர் மிகுதியாதலால் இன்னும் பல மடங்கு போட வேண்டும். தண்ணீரோ நாளுக்கு 20 முதல் 30 லிட்டர். வெயிலில் வேலை செய்தால் அதற்கும் மேல்.

குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்க மிகச் சிறியது. மாட்டைப் போல் அசைபோடாது. ஒவ்வாததை வாந்தியெடுத்து வெளியேற்றவும் அதனால் முடியாது. ஆகையால் காலையில் ஒரு கூடை, இரவில் ஒரு கூடை என்று போடுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுப்பதே முறை. நாள் முழுதும் பட்டினியாக ஓட்டிவிட்டு, மாலையில் ஒரே மூச்சாகக் கொள்ளும் தவிடும் கொட்டினால் வயிற்றுச் சூலை வரும். குதிரை தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைச் சுரண்டுவது, படுத்துப் புரள்வது, சாணம் போடாதிருப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். ஒரு இரவு பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தால் விடியும்போது குதிரை இராது.

கொள்ளுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு நம் நாட்டில் பழையது. ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுத்தால் அது நல்ல தீனியே. தவிடு மலிவு என்று அதையே நிரப்புவது தவறு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. தொடர்ந்து அதையே தின்னும் குதிரைக்கு எலும்பு பலவீனப்படும். பிரயாணிகள் அன்பாக நீட்டும் ரொட்டியும் இனிப்பும் தீனி அல்ல; அவற்றைத் தடுப்பது உரிமையாளரின் பொறுப்பு.

குளம்பு, முதுகு, பாரம்

குளம்பு போனால் குதிரை போயிற்று. குளம்பு நம் நகத்தைப் போல் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை சீவி, லாடத்தைக் கழற்றி மாற்ற வேண்டும். அதாவது ஆண்டுக்கு ஏழு எட்டு முறை. சேர்வராயன் மலையின் மூடுபனியும் மழையும் இன்னொரு தொல்லை தருகின்றன. ஈரச் சாணத்திலும் சேற்றிலும் நிற்கும் குதிரையின் குளம்படி அழுகி நாற்றமடிக்கும். தினமும் குளம்பைத் தூக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்வதும், லாயத்தின் தரையை உயர்த்திக் காய்ந்த சருகோ உமியோ பரப்புவதும் போதும். இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை, ஐந்து நிமிஷம் தேவை.

பாரத்தைப் பற்றிச் சட்டமே அளவு வகுத்திருக்கிறது. 1965 ஆம் ஆண்டின் இழுவை மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி மட்டக்குதிரை மீது 70 கிலோவும், கோவேறு கழுதை மீது 200 கிலோவும், கழுதை மீது 50 கிலோவுமே அதிகபட்சப் பொதி. ஐம்பது கிலோக் காப்பி மூட்டை இரண்டை ஒரு மட்டத்தின்மேல் ஏற்றினால் விதியைக் கடந்துவிட்டோம் என்று பொருள். நாளுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. சவாரிக்கு வேறொரு பொது அளவை உண்டு: ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. 250 கிலோ மட்டத்திற்கு 50 கிலோ. அப்படியானால் அது குழந்தைகளுக்கான வாகனமே தவிர, தந்தையும் மகனும் சேர்ந்து ஏறுவதற்கானது அன்று.

முதுகுப் புண் சேணத்தால் வருவது. சேணத்தின் வளைவு குதிரையின் தோள்மேட்டில் நேரே அழுந்தாமல் இடைவெளி இருக்கவேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. நெசவாள அங்கத்தினர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. சேணத்தின்கீழ் விரிக்கப்படுவது பல இடங்களில் பழைய சாக்கும் பிளாஸ்டிக் பையும்தான். வியர்வையை உறிஞ்சும் தடித்த பருத்தி விரிப்பு, தோலை அறுக்காத அகலமான பருத்திப் பட்டை இவ்விரண்டையும் நம் தறிகளில் நெய்ய இயலாதா? ஜமக்காளத்திற்குப் பெயர்போன பவானி அந்தியூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சந்தைக்கு வரும் குதிரைக்காரருக்குச் சங்கத்தின் விரிப்பு ஒன்றை விற்பது நெசவாளிக்கும் லாபம், குதிரைக்கும் சுகம்.

நோய்களும் சட்டமும்

இரண்டு நோய்களை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒன்று ரணஜன்னி. இக்கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருப்பது. ஆணி குத்திய சிறு காயம் போதும். குதிரை இந்நோய்க்கு மிகவும் எளிதில் இரையாகும். தடுப்பூசி உண்டு. மற்றொன்று கிளாண்டர்ஸ். இதற்குத் தடுப்பூசி இல்லை, மனிதருக்கும் தொற்றும். மூக்கில் சீழும் தோலில் முடிச்சுப் புண்களும் கண்டால் ஒளிக்காமல் கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிப்பது கடமை. 1899 லேயே இதற்கெனத் தனிச்சட்டம் இருந்தது. 2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. தொற்று எவ்வளவு விரைவில் பரவும் என்பதற்கு 2008 சாட்சி: ஜம்முவில் வைஷ்ணவ தேவி யாத்திரைக்காரரைச் சுமக்கும் கத்ராவின் குதிரைகளிடையே கண்ட குதிரை இன்புளுவென்சா வடநாட்டின் பல மாநிலங்களுக்குப் பரவியது. சந்தையிலிருந்து புதிதாக வாங்கிவந்த குதிரையைச் சில வாரமாவது மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே கட்டுவது இதனால்தான் அவசியம்.

பருவம் முடிந்த பின்

இனி வேரான விஷயத்திற்கு வருகிறேன். பருவம் முடிந்ததும் குதிரையைக் கட்டுவிட்டு, தானே மேயட்டும் என்று சாலையில் விடுவது மலைநகரங்களில் நெடுநாளாகக் கண்டுவரும் வழக்கம். உதகமண்டலத்தில் தெருவில் திரியும் குதிரைகளை நகராட்சி பிடித்து அடைப்பதும் உரிமையாளருக்கு அபராதம் விதிப்பதும் பன்முறை நடந்துள்ளன. குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கைத் தின்றும், இரவில் வாகனத்தில் மோதியும் சாகின்றன. வாகனத்தில் வந்த மனிதரும் சாகலாம்.

1960 ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் போதிய உணவும் நீரும் இடமும் தராதிருப்பதையும், பிராணியைக் கைவிடுவதையும், புண்ணோ நோயோ உள்ளதை வேலை வாங்குவதையும் குற்றம் என்கிறது. ஆனால் முதற் குற்றத்திற்கு அச்சட்டம் வகுத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்று அது இரண்டு பேர் தேநீர் குடிக்கும் காசு. சட்டத்தின் கை இவ்வளவு குட்டையாயிருக்கும்போது, எட்டிப் பிடிக்க வேண்டியது சங்கத்தின் கைதான்.

சில அங்கத்தினர் ஆட்சேபிப்பார்கள். மனிதர் வயிறே நிறையாதபோது குதிரைக்குச் சேமிப்பா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, வறுமையை அறியாதவர்களே அதை அலட்சியம் செய்வார்கள். ஆயினும் அந்தக் குடும்பத்தின் அடுத்த கோடைக்கால வருமானம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது? அந்த லாயத்தில்தான். மழைக்காலத்தில் மெலிந்த குதிரை சித்திரையில் சவாரிக்கு நிற்காது. செத்த குதிரைக்காக வாங்கிய கடன் மட்டும் நிற்கும். முதலைத் தின்றுவிட்டு வட்டிக்கு அழுவது எந்த ஏழைக்கும் கட்டுப்படியாகாது. இன்னும் சிலர், குதிரை வைத்திருப்போர் நம் சங்கத்தில் ஓரிருவர்தாமே என்பார்கள். எண்ணிக்கை குறைந்தவருக்கு உதவுவதில்லை என்றால் கூட்டுறவு என்ற சொல்லுக்கு என்ன மிச்சம்?

செய்யத் தக்கவை

வழி நமக்குப் புதிதன்று. நம் மாநிலத்துக் கூட்டுறவு நெசவாளர்களுக்கு 1975 முதல் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் நடந்துவருகிறது. நெசவுக் கூலியில் ஒரு சிறு பங்கு பிடிக்கப்படுகிறது. அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. கூலி கைக்கு வருமுன் பிடிக்கப்படுவதால் அது வலிப்பதில்லை. தேவை வரும்போது கைகொடுக்கிறது. அதே முறையைக் குதிரைக்கும் கைக்கொள்வோம். என் யோசனைகள் நான்கு.

முதலாவது, சவாரிக்காசில் பத்தில் ஒரு பங்கு, பருவ நாட்களில் அன்றன்றே தீனிக் கணக்கில் கட்டப்படவேண்டும். சவாரிக்கு 100 ரூபாய் என்றும் நாளுக்குப் பத்துச் சவாரி என்றும் வைத்துக்கொண்டால், 75 நாளில் 7,500 ரூபாய் சேரும். இது மழைக்காலத் தீனி முழுவதற்கும் போதாது. ஆனால் அறுவடைக் காலத்தில் தட்டும் வைக்கோலும் மலிவாயிருக்கையில் சங்கம் மொத்தமாக வாங்கிவைக்க முன்பணமாகும். அடிவாரத்து விவசாய அங்கத்தினருக்கும் அதனால் தட்டுக்கு ஒரு நிச்சயமான கிராக்கி உண்டு.

இரண்டாவது, லாடம் கட்டுபவரைக் குதிரைக்காரர் அனைவரும் சேர்ந்து, எட்டு வாரத்திற்கு ஒருமுறை ஒரே நாளில் வரவழைக்க வேண்டும். ஒரு குதிரைக்காக மலையேற மறுப்பவர் பத்துக் குதிரைக்காக வருவார். அன்றே கால்நடை மருத்துவரும் வந்தால் தடுப்பூசியும் பல் பரிசோதனையும் முடிந்துவிடும். அவசரத்திற்கு 1962 என்ற தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். பக்கத்து நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

மூன்றாவது, இன்ஷூரன்ஸ். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தேசியக் கால்நடை இயக்கத்தைத் திருத்தியபோது, கால்நடைக் காப்பீட்டுப் பிரீமியத்தில் உரிமையாளர் செலுத்தும் பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவை வளர்ப்போருக்கும் அத்திட்டத்தில் உதவிக்கு இடமளிக்கப்பட்டது. மனு எழுதவும் மருத்துவச் சான்று பெறவும் சங்கச் செயலாளர் உதவினால் இதை நம் அங்கத்தினர் அடையலாம்.

நான்காவது, குதிரைக்கென்று எவருக்கேனும் கடன் சிபாரிசு செய்யுமுன், மூன்று காகிதங்களைச் சங்கம் கேட்கவேண்டும்: கால்நடை மருத்துவரின் சான்று, ஆண்டு முழுவதற்குமான தீனி, லாடம், வைத்தியச் செலவின் கணக்கு, வயதான பிறகு குதிரையை எங்கே, எவ்வாறு வைத்துக் காப்பது என்ற எழுத்துமூலமான உறுதி. மூன்றாவது காகிதத்தைக் கண்டு சிலர் சிரிக்கலாம். அதை எழுத மனம் வராதவருக்குக் குதிரை வாங்கவும் மனம் வரலாகாது.

வரப்போகும் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் தத்தம் நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கேட்கலாம். ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைத்துக் கும்பிடும் ஜனங்கள் நாம். மண்குதிரைக்கு வர்ணம் பூசினால் போதும். உயிர்க்குதிரைக்கு ஆவணியிலும் ஐப்பசியிலும் வைக்கோல் வேண்டும்; அதற்கான காசு சித்திரையிலேயே சங்கத்தில் இருக்கவேண்டும்.